சிட்டைச் சுட்ட சிறுவன், பறவைகளின் காவலர் ஆன கதை: சலீம் அலியின் வாழ்க்கை

மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில் நாகமலை புதுக்கோட்டையைக் கடந்து போகிறவர்கள் ஒரு பக்கம் நீண்டு கிடக்கும் நாகமலையைத்தான் பார்ப்பார்கள். சுற்று வட்டாரக் கண்மாய்களைப் பலரும் கவனிப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்துவிட்டால் அங்கே வேறொரு உலகம் கூடிவிடும். கொக்கும் நீர்க்காகமும் முக்குளிப்பானும் நாமக்கோழியும் வந்து சேரும். கரையோரக் கருவேல மரங்களில் கூடுகள் தோன்றும். மார்கழி, தையில் வடக்கே பனி கொட்டும் நாடுகளிலிருந்து வாத்துகளும் உள்ளான்களும் வந்து இறங்கும்.

அதே கரையில் உண்டிவில்லோடு நிற்கும் பிள்ளைகளையும் நாம் பார்த்திருக்கிறோம். நம்மில் பலர் சின்ன வயதில் அப்படி நின்றவர்கள்தாம். அந்தப் பிள்ளையை அதட்டி வீட்டுக்கு அனுப்புவதுதான் நமக்குத் தெரிந்த வழி. ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு முன் பம்பாயில் ஒரு சிறுவன் இப்படித்தான் ஒரு சிட்டைச் சுட்டான். அவனுடைய மாமா அவனை அதட்டவில்லை. வேறொன்று செய்தார். அதனால் இந்த நாட்டின் எத்தனையோ நீர்நிலைகளில் பறவைகளுக்கு இடம் கிடைத்தது. அந்தச் சிறுவன்தான் பின்னாளில் உலகம் அறிந்த பறவை அறிஞர் டாக்டர் சலீம் அலி.

மாமா வீட்டில் வளர்ந்த பிள்ளை

சலீம் அலி 1896 நவம்பர் 12 அன்று பம்பாயில் சுலைமானி போரா குடும்பம் ஒன்றில் பிறந்தார். வீடு நிறையப் பிள்ளைகள். அவர்களில் கடைக்குட்டி இவர். ஒரு வயதில் தந்தை மொய்சுத்தீனை இழந்தார். மூன்று வயதில் தாயும் போய்ச் சேர்ந்தார். யதீமாக நின்ற பிள்ளைகளைத் தாய்மாமா அமீருத்தீன் தையப்ஜியும் மாமி ஹமீதா பேகமும் தங்கள் வீட்டில் வைத்து வளர்த்தார்கள். அவர்களுக்குச் சொந்தப் பிள்ளை இல்லை.

காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய பத்ருத்தீன் தையப்ஜியும், காந்தியடிகளோடு உப்புச் சத்தியாகிரகத்தில் நின்ற அப்பாஸ் தையப்ஜியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். படிப்பும் பொதுவாழ்வும் கலந்த வீடு அது. ஆனால் சலீமுக்குப் பள்ளிப் படிப்பில் பெரிய நாட்டம் இருக்கவில்லை. வேட்டையில்தான் ஆசை. மாமா வாங்கிக் கொடுத்த பொம்மைத் துப்பாக்கியால் சிட்டுக்குருவிகளைச் சுடுவது அவருடைய விளையாட்டு.

ஹலாலா என்ற ஒரு சந்தேகம்

பத்து வயதை ஒட்டிய ஒரு நாள். சுட்டு வீழ்த்திய ஒரு சிட்டைச் சமையல்காரரிடம் கொடுக்கப் போகும்போது சிறுவன் அதை உற்றுப் பார்த்தான். வழக்கமான சிட்டுப் போலத்தான் இருந்தது. ஆனால் தொண்டையில் மஞ்சளாக ஒரு திட்டு. இது என்ன பறவை? ஒரு முஸ்லிம் இதைச் சாப்பிடலாமா, கூடாதா? சந்தேகம் வந்ததும் மாமாவிடம் கொண்டு போனான்.

மாமாவுக்கும் அது என்ன பறவை என்று தெரியவில்லை. தெரிந்தது போல் ஒரு பதிலைச் சொல்லி அவர் அனுப்பியிருக்கலாம். விளையாட்டை நிறுத்திவிட்டுப் படி என்று சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் அவர் உறுப்பினராக இருந்தார். 1883-ல் தொடங்கிய கழகம் அது. அதன் செயலாளராக இருந்த ஆங்கிலேயர் மில்லார்டுக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதி, பறவையோடு சிறுவனை அனுப்பி வைத்தார்.

பயந்துகொண்டே போன பையனை மில்லார்டு அன்பாக உட்கார வைத்தார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். அலமாரி அலமாரியாகத் திறந்து, பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளைக் காட்டினார். படிக்கப் புத்தகங்கள் கொடுத்தார். பறவையின் தோலை உரித்துப் பதப்படுத்தவும், நாள், இடம் குறித்து வைக்கவும் கற்றுக் கொடுக்க ஏற்பாடு செய்தார். அன்று அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தவர் கடைசி வரை அதை விட்டு வெளியே வரவே இல்லை என்று சொல்லலாம். பல ஆண்டுகள் கழித்து 1985-ல் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, அதன் தலைப்பிலேயே அந்தச் சிட்டுக்கு இடம் கொடுத்தார்.

பட்டம் இல்லை, வேலையும் இல்லை

மெட்ரிகுலேஷனில் 1913-ல் தட்டுத் தடுமாறித் தேறினார். கல்லூரியில் முதல் ஆண்டோடு மனம் ஒடிந்து, குடும்பத்தின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனிக்கப் பர்மாவின் தவோய் பகுதிக்குப் போனார். அங்கேயும் காடும் பறவையும்தான் அவரை இழுத்தன. தொழில் கைகொடுக்கவில்லை. 1917-ல் திரும்பி வந்து வணிகச் சட்டமும் கணக்கும் படித்தார். தூய சவேரியார் கல்லூரிப் பாதிரியார் பிளாட்டர் இவருடைய ஆர்வம் எதில் என்பதைப் புரிந்துகொண்டு விலங்கியல் படிக்கத் தூண்டினார். 1918-ல் தூரத்து உறவான தெஹ்மினா பேகத்தை நிக்காஹ் செய்தார்.

இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பறவையியல் வேலை ஒன்று இருந்தது. முறையான பட்டம் இல்லாததால் அது கிடைக்கவில்லை. 1926-ல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லும் வேலை கிடைத்தது. சில காலத்தில் விடுப்பு எடுத்து ஜெர்மனிக்குப் போய், பெர்லினில் பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மனிடம் பறவையியலை முறையாகப் பயின்றார். 1930-ல் ஊர் திரும்பினால், பணம் இல்லை என்று சொல்லி அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

வயது 34. மனைவி இருக்கிறார், வருமானம் இல்லை. இருவரும் பம்பாய்க்கு அருகே கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே தூக்கணாங்குருவிகள் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டின. சலீம் அலி மறைவிடம் ஒன்று அமைத்து, நாள் தவறாமல் உட்கார்ந்து பார்த்தார்.

தூக்கணாங்குருவிக் கூட்டை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். ஆண் பறவைதான் அதைக் கட்டுகிறது. பாதி கட்டியதும் பெண் பறவைகள் வந்து உள்ளே புகுந்து சோதித்துப் பார்க்கின்றன. ஒரு பெண்ணுக்குக் கூடு பிடித்துவிட்டால் அது அங்கே குடியேறும். ஆண் மீதிக் கூட்டை முடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த பெண்ணுக்காக இன்னொரு கூட்டைத் தொடங்கிவிடும். இதை முறையாகக் கவனித்து எழுதிய அவருடைய கட்டுரை 1931-ல் வெளிவந்தது. வேலை போன காலத்தில் செய்த அந்த வேலைதான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

பறவைகளைத் தேடி ஊர் ஊராக

அப்போதைய சமஸ்தானங்களுக்கு அவர் ஒரு யோசனை சொன்னார். பயணச் செலவையும் முகாம் செலவையும் நீங்கள் பாருங்கள், உங்கள் பகுதியில் உள்ள பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன், கூலி வேண்டாம் என்றார். ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என்று ஒவ்வொன்றாக ஆய்வு நடந்தது. தெஹ்மினா கூடவே சென்று காட்டு முகாம்களை நிர்வகித்தார். வசதியான வாழ்க்கைக்குப் பழகியவர், கணவரின் வேலையைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார்.

1939-ல் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் தெஹ்மினா வஃபாத் ஆனார். சலீம் அலிக்கு அப்போது வயது 42. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. சகோதரி கமூவின் வீட்டில் தங்கி, மீதி வாழ்நாள் முழுவதையும் பறவைகளுக்கே கொடுத்தார்.

இந்தியப் பறவைகள் பற்றி அவர் எழுதிய நூல் 1941-ல் வெளிவந்தது. வண்ணப் படங்களோடு எளிமையாக எழுதப்பட்டிருந்ததால், ஆய்வாளர் அல்லாத சாதாரண மக்களும் அதை எடுத்துக்கொண்டு பறவை பார்க்கக் கிளம்பினார்கள். பின்பு அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து இந்தியா, பாகிஸ்தான் பறவைகளைப் பற்றி 10 தொகுதிகள் எழுதினார். கடைசித் தொகுதி 1974-ல் முடிந்தபோது அவருக்கு வயது 78-ஐ நெருங்கியிருந்தது. மோட்டார் சைக்கிள் என்றால் அவருக்கு உயிர். 1950-ல் சுவீடனில் நடந்த உலகப் பறவையியல் மாநாட்டுக்குத் தன் வண்டியையே கப்பலில் ஏற்றிக் கொண்டு போய், ஐரோப்பாவில் ஓட்டித் திரிந்தார்.

பரத்பூர்: வேட்டைக்களம் சரணாலயமான கதை

அவருடைய வாழ்க்கையில் மிகப் பெரிய பணியும், மிகக் கடினமான பாடமும் ஒரே இடத்தில் நடந்தன. ராஜஸ்தானில் உள்ள பரத்பூர் நீர்நிலை அது.

இயற்கையாகப் பள்ளமாக இருந்த நிலத்தில், மன்னர்கள் அணை கட்டி ஆற்று நீரைத் தேக்கியதால் உருவான ஏரி அது. பரப்பு சுமார் 29 சதுர கிலோமீட்டர். நம் ஊர்க் கண்மாய் போல மனிதன் கையால் ஆனது. குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வாத்துகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். மழைக்காலத்தில் நாரைகளும் கொக்குகளும் அங்கேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். மன்னர்களுக்கு அது வேட்டைக்களம். 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. அந்தக் கணக்கைப் பெருமையாகப் பொறித்து வைத்த கல் இன்றும் அங்கே நிற்கிறது.

சுதந்திரத்துக்குப் பின் மன்னராட்சி போனது. ஏரியின் தண்ணீரைத் திறந்துவிட்டு நிலத்தை விவசாயத்துக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. உணவுப் பஞ்சம் இருந்த காலம். கேட்டவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. சலீம் அலி பிரதமர் நேருவிடமே முறையிட்டார். ஏரி தப்பியது. 1956-ல் அது பறவைகள் சரணாலயம் ஆனது. மன்னருக்கு மிச்சம் இருந்த வேட்டை உரிமையும் 1972-ல் முடிந்தது. 1981-ல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலம் என்ற இடமும், 1985-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதியும் கிடைத்தன.

சலீம் அலி தன் ஆய்வுக்காகத் துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்தான். அதை அவர் மறைத்ததும் இல்லை. ஆனால் அறிந்துகொள்ள ஒரு பறவையை எடுப்பதற்கும், பொழுதுபோக்குக்கு ஆயிரக்கணக்கில் கொன்று குவிப்பதற்கும் உள்ள தூரத்தை அவர் அறிந்திருந்தார்.

எருமைகள் சொல்லிக் கொடுத்த பாடம்

கதை இங்கேயே முடிந்திருந்தால் இனிமையாக இருந்திருக்கும். பரத்பூர் ஏரிக்குள் சுற்றுக் கிராமத்து மக்கள் காலங்காலமாக எருமைகளை மேய்த்து வந்தார்கள். தேசியப் பூங்காவாக உயர்ந்தபோது மேய்ச்சல் பறவைகளுக்குக் கேடு என்று முடிவு செய்து, 1982-ல் அதைத் தடை செய்தார்கள். மேய்ச்சலை நிறுத்த வேண்டும் என்பதே சலீம் அலியின் கருத்தாகவும் இருந்தது. கிராம மக்கள் எதிர்த்தார்கள். மோதல் மூண்டு, காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பறவைகளைச் சுடக் கூடாது என்று காப்பாற்றிய இடத்தில் மனிதர்கள் சுடப்பட்டார்கள்.

அடுத்து நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. எருமைகள் மேயாததால் நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து ஏரியை மூடியது. திறந்த நீர்ப்பரப்பு குறைந்தது. வாத்துகள் இறங்க இடமில்லை, மீனுக்கும் இடமில்லை. சலீம் அலி உயிரோடு இருந்தபோதே அவருடைய கழகம் அங்கே நீண்ட கால ஆய்வு ஒன்றைத் தொடங்கியிருந்தது. மேய்ச்சல் தடை பறவைகளுக்கு நன்மை செய்யவில்லை, எருமைகள்தாம் புல்லை அடக்கி ஏரியைத் திறந்து வைத்திருந்தன என்று அந்த ஆய்வே கண்டு சொன்னது. முழு முடிவு வந்தபோது அவர் இல்லை. ஆனால் அவர் வளர்த்த கழகம் அவருடைய கருத்துக்கு எதிரான உண்மையை மறைக்காமல் சொன்னது. இதுவும் அவர் விட்டுச் சென்ற சொத்துதான் என்று நாம் நினைக்கிறோம். மஞ்சள் திட்டைக் கண்டதும் கேள்வி கேட்டவரின் பள்ளி அல்லவா அது!

நம் தமிழ்நாட்டில் அவர் தடம்

கரையில் வாழும் மக்களை எதிரியாக்காமல் ஏரியைக் காப்பது எப்படி என்பதற்கு நம் மாநிலத்திலேயே பழைய சான்று இருக்கிறது. வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்மக்களே கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். மக்களுக்கு அதில் தங்கள் நன்மையும் தெரிந்திருந்தது. பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்குப் பாயும்போது அதுவே உரம். நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்திலும் அப்படித்தான். பறவைகள் மிரளும் என்று அந்த ஊரில் வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை ஊரார் எடுத்துப் பராமரிக்கிறார்கள். இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்து அந்தக் குளத்துக்கு வருவது சும்மா இல்லை.

வலசைப் பறவைகள் எங்கிருந்து வருகின்றன என்று நமக்குத் தெரிந்ததிலும் சலீம் அலியின் உழைப்பு உண்டு. பறவையைப் பிடித்து, காலில் எண் பொறித்த மெல்லிய வளையம் மாட்டிப் பறக்க விடுவார்கள். அது வேறு நாட்டில் பிடிபட்டால் வளையத்தில் உள்ள முகவரிக்குத் தகவல் வரும். இப்படி ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு வளையமிடும் பணியை அவருடைய கழகம் நடத்தியது. அந்தப் பணி நடந்த முக்கிய இடங்களில் ஒன்று, நாகூரிலிருந்து தெற்கே கடலோரமாகப் போனால் வரும் கோடியக்கரை. பூநாரைகள் கூட்டமாக வந்து நிற்கும் அந்த இடம் 1967-ல் சரணாலயம் ஆனது.

நாகமலை புதுக்கோட்டை வழியாகச் செல்லும் தேனிச் சாலைக்கும் அவர் பெயருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1948-ல் அப்போதைய மதுரை மாவட்டத்து மேகமலைப் பகுதியில் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்து பம்பாய்க் கழகத்துக்கு அனுப்பினார். சாதாரண வகை என்று நினைத்து அலமாரியில் வைத்துவிட்டார்கள். 1972-ல் தாய்லாந்து ஆய்வாளர் ஒருவர் அதை எடுத்துப் பார்த்து, இது யாரும் அறியாத புது வகை என்று கண்டுபிடித்தார். அதற்குச் சலீம் அலியின் பெயரையே வைத்தார். மிக அரிய உயிரினமாக இன்று அது பாதுகாக்கப்படுகிறது. சிட்டின் தொண்டையில் இருந்த மஞ்சள் திட்டைப் போல, உற்றுப் பார்க்க ஒருவர் வரும் வரை அந்த வௌவாலும் காத்திருந்தது.

கடைசி நாட்கள்

1958-ல் பத்ம பூஷண், 1976-ல் பத்ம விபூஷண் விருதுகள் கிடைத்தன. பட்டம் இல்லை என்று வேலை மறுக்கப்பட்டவருக்கு அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தன. 1976-ல் கிடைத்த சர்வதேசப் பரிசான 50,000 டாலரில் பெரும்பகுதியைத் தன் கழகத்துக்கே கொடுத்துவிட்டார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டைக் காக்கும் போராட்டத்திலும் அவர் குரல் இருந்தது. 1985-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1987 ஜூன் 20 அன்று 90-வது வயதில் பம்பாயில் வஃபாத் ஆனார். 1990-ல் கோவையில் அவர் பெயரால் பறவையியல், இயற்கை வரலாற்று ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. ஆனைகட்டி மலையடிவாரத்தில் இன்றும் அது இயங்குகிறது.

நம் வீட்டுக்கு வரும் கேள்வி

ராமநாதபுரம் மாவட்டத்தில் மட்டும் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கால், சக்கரக்கோட்டை என நான்கு பறவைக் கண்மாய்கள் ராம்சர் பட்டியலில் இருக்கின்றன. வைகைக்கரைக் கண்மாய்கள் பலவற்றுக்கு அப்படி எந்தப் பட்டமும் இல்லை. பட்டம் இல்லாத கண்மாய்க்குக் கரையில் வாழும் நாம்தான் காவல். கழிவுநீரும் குப்பையும் அதில் சேராமல் பார்ப்பதும், வரத்துக்கால்வாயை அடைக்காமல் விடுவதும், கூடு கட்டும் காலத்தில் மரத்தை வெட்டாமல் இருப்பதும் பெரிய காரியங்கள் அல்ல. ஆனால் அவை இல்லாமல் எந்தப் பறவையும் அங்கே தங்காது.

அதைவிட முக்கியமானது வீட்டுக்குள் நடப்பது. நாளை நம் பிள்ளை ஒரு பறவையைக் கையில் கொண்டு வந்து, அத்தா, இது என்ன என்று கேட்கலாம். கூட்டிலிருந்து குஞ்சுகளை எடுத்து வந்தவர்களைத் திருப்பி வைக்கச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத் நாம். எனவே அந்தப் பறவைக்குத் தீங்கு செய்யக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்வது நம் கடமை. அதோடு நிறுத்திவிட வேண்டாம். நமக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் அழைத்துப் போவோம். பெற்றோரை இழந்த ஒரு பிள்ளைக்கு அமீருத்தீன் மாமா செய்தது அவ்வளவுதான்: ஒரு கடிதம் எழுதினார். அந்த ஒரு கடிதத்தின் பலனை எத்தனையோ ஏரிகளில் பறவைகள் இன்றும் அனுபவித்துக்கொண்டிருக்கின்றன.

வரும் மழைக்குப் பின் கண்மாய் நிறைந்ததும், ஒரு விடியற்காலையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கரைக்குப் போய் வருவோம், இன்ஷா அல்லாஹ்.